கல்லீரல் அறுவைக்கான டூர்னிக்கெட் செட்: திறக்கும்போது எப்படி நடந்துகொள்கிறது?

கிருமிநீக்கம் செய்த உறையில் வரும் டூர்னிக்கெட் செட், அதாவது ரத்தவோட்டத்தை இறுக்கி நிறுத்தும் ஒரு சிறிய பொருளைப் பற்றியது இந்த மதிப்புரை. உறைக்குள் பருத்தி நூலில் நெய்த பட்டையான டேப் இரண்டு, உள்ளே இருப்பது வெளியே தெரியும் சிலிக்கோன் குழாய் ஒன்று, குழாயின் மேல்முனையில் டேப்பைப் பிடித்து நிறுத்த ஒரு பிளாஸ்டிக் பூட்டு, டேப்பைக் குழாய்க்குள் இழுத்துவர நீண்ட கொக்கிக் கம்பி ஆகியவை இருக்கும். கல்லீரலின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கும்போது, அந்த உறுப்புக்குப் போகும் ரத்தத்தைச் சிறிது நேரம் நிறுத்திவைக்க இது உதவுகிறது. அறுவை அரங்கில் யாரும் இதன் முழுப் பெயரைச் சொல்வதில்லை. இந்த முறையை முதலில் எழுதிய மருத்துவரின் பெயரால், "சிஸ்டர், பிரிங்கிள் தயாரா?" என்றுதான் கேட்பார்கள்.

நான் கல்லீரல் அறுவைக் குழுவில் ஸ்கிரப் நர்ஸ். மருத்துவரின் கையில் கருவிகளை எடுத்துக் கொடுப்பதும், உள்ளே போனவை எல்லாம் எண்ணிக்கை குறையாமல் வெளியே வந்தனவா என்று பார்ப்பதும் என் வேலை. ரத்தத்தை நிறுத்திவைத்த நிமிடங்களைக் கணக்கு வைப்பதும் எங்கள் அரங்கில் என் பொறுப்புதான். அந்தக் கணக்கு வைத்திருப்பவள் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன். இந்தச் செட்டைப் பற்றி விற்பனையாளர்கள் பேசுவதெல்லாம் எவ்வளவு நன்றாக மூடுகிறது என்பதைத்தான். எனக்கு அது இரண்டாவது கேள்வி. எப்படித் திறக்கிறது, எப்போது திறக்க வேண்டும் என்பதை யார் நினைவூட்டுகிறார்கள் என்பதுதான் என் முதல் கேள்வி. ஏன் அப்படி என்பதைச் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும்.

முன்பெல்லாம் இதை நாங்களே செய்துகொள்வோம். கதீட்டர் என்ற சிவப்பு ரப்பர் குழாயில் ஒரு சாண் நீளத் துண்டு, ஒரு டேப், கவ்விப் பிடிக்க ஓர் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் இடுக்கி, அவ்வளவுதான். கல்லீரலையும் முன்சிறுகுடலையும் இணைக்கும் மடிப்பு ஒன்று வயிற்றுக்குள் இருக்கிறது. குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை, கல்லீரல் தமனி, பித்தநாளம் மூன்றும் அந்த மடிப்புக்குள் சேர்ந்து செல்கின்றன. மடிப்புக்குப் பின்னால் இயற்கையாகவே ஒரு துளை உண்டு. மருத்துவர் ஒரு விரலை அதற்குள் நுழைத்து, டேப்பைச் சுற்றி எடுத்து, இரு முனைகளையும் குழாய்க்குள் இழுப்பார். குழாயைக் கீழே தள்ளி டேப்பை மேலே இழுத்தால் மடிப்பு இறுகும். ஃபோர்செப்ஸால் குழாயையும் டேப்பையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் அப்படியே நிற்கும்.

புதிய செட்டிலும் செய்முறை இதுவேதான். ஃபோர்செப்ஸுக்குப் பதிலாகப் பூட்டு வந்திருக்கிறது. மழைச்சட்டைத் தொப்பியின் கயிற்றை இறுக்கும் பொத்தானைப் போன்றது அது: அழுத்தினால் நகரும், விட்டால் பிடித்துக்கொள்ளும்.

இந்தச் சிறு பூட்டு தடுத்து நிறுத்துவது எவ்வளவு ரத்தத்தை என்று தெரிந்தால்தான் அதன் பொறுப்பு விளங்கும். பெரியவர் ஒருவரின் கல்லீரலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ரத்தம் போகிறது. இதயம் வெளியேற்றுவதில் கால் பங்கு அது. அதில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியே வருகிறது, மீதி தமனி வழியே. ஆனால் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் மிகுதி என்பதால், கல்லீரலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் சுமார் பாதி தமனியிலிருந்துதான் கிடைக்கிறது. டேப்பை இறுக்கினால் இரண்டும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். கல்லீரலின் செம்பழுப்பு மங்கிக் கருத்துவருவதை மேசையருகே நிற்கும் யாரும் பார்க்கலாம். குடல் பக்கம் ரத்தம் தேங்குவதால் குடலும் சற்று வீங்கும்.

இதை முதலில் எழுதிவைத்தவர் கிளாஸ்கோ நகரின் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள். 1908-இல், அடிபட்டுக் கிழிந்த கல்லீரலிலிருந்து பெருகும் ரத்தத்தை, அந்த மடிப்பைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரலுக்கும் இடையே பிடித்து நிறுத்தலாம் என்று ஓர் அறுவை இதழில் எழுதினார். அவரிடம் வந்த நோயாளிகள் ஏற்கெனவே மிக மோசமான நிலையில் இருந்தவர்கள். அவர் அறுவை செய்தும் அவர்கள் பிழைக்கவில்லை. இருந்தும் அந்தப் பிடி சரியானது என்பதை முயல்களில் செய்து உறுதிப்படுத்தினார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் உலகெங்கும் கல்லீரல் அரங்குகளில் அவர் பெயரைச் சொல்லித்தான் இந்த டேப்பைக் கேட்கிறார்கள். எனக்கு அவர்மீது தனி மரியாதை உண்டு. தோற்ற அறுவைகளையும் மறைக்காமல் எழுதிவைத்தவர் அவர்.

செட்டின் அட்டை முகப்பில் "கல்லீரலைக் காக்கும் மென்மையான அடைப்பு" என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. விற்பனைப் பிரதிநிதியும் அதையே சொன்னார். இதை நான் ஏற்கவில்லை. டேப் பட்டையாகவும் மென்மையாகவும் இருப்பதால் ரத்தக்குழாயின் சுவர் காக்கப்படுகிறது என்றால் ஒப்புக்கொள்வேன். வயதானவர்களின் தமனிச் சுவரில் சுண்ணம் படிந்திருக்கும். மெல்லிய நூலால் இறுக்கினால் உள்சுவர் கிழியலாம். அந்த வகையில் இந்த டேப் நிச்சயம் மேலானது. ஆனால் கல்லீரல் செல்லுக்கு டேப் எவ்வளவு மென்மை என்பது தெரியப்போவதில்லை. ஆக்சிஜன் வரவில்லை என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

ஆக்சிஜன் நின்றதும் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. தீரத் தொடங்குகிறது. சோடியத்தை வெளியே தள்ளிக்கொண்டிருந்த பம்ப் தளர்கிறது. சோடியம் உள்ளேயே தங்க, அதன் பின்னால் நீரும் நுழைந்து செல் உப்புகிறது. கால்சியமும் உள்ளே சேர்கிறது. ஏ.டி.பி. சிதைந்த மிச்சமான ஹைப்போசாந்தின் குவிகிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்ற பொருள் குவிகிறது. இவை அனைத்தும் ஓசையில்லாமல் நடக்கும். அந்த நேரத்தில் மேசையில் ரத்தமும் இல்லை, பரபரப்பும் இல்லை. வெட்டும் தளம் உலர்ந்து தெளிவாகத் தெரிவதால் மருத்துவருக்கு அதுதான் மிக வசதியான நேரம்.

டேப்பைத் தளர்த்தியதும் ஆக்சிஜன் திரும்பி வருகிறது. காயத்தின் பெரும்பகுதி நிகழ்வது அப்போதுதான். குவிந்திருந்த ஹைப்போசாந்தினைச் சாந்தின் ஆக்சிடேஸ் என்ற நொதி எரிக்கும்போதும், குவிந்திருந்த சக்சினேட் மைட்டோகாண்ட்ரியாவில் வேகமாக எரியும்போதும், எதையும் அரித்துவிடக்கூடிய ஆக்சிஜன் மூலக்கூறுகள் ஏராளமாக வெளிப்படுகின்றன. கல்லீரலுக்குள்ளேயே குடியிருக்கும் நோயெதிர்ப்புச் செல்களான குப்ஃபர் செல்கள் விழித்துக்கொண்டு அழற்சியைத் தூண்டும் பொருள்களை விடுகின்றன. நுண்ணிய ரத்தப் பாதைகளின் உட்சுவர் வீங்கிச் சுருங்குவதால், மேலே குழாய் திறந்திருந்தும் கீழே சில இடங்களுக்கு ரத்தம் போய்ச் சேர்வதில்லை. சில மணி நேரம் கழித்து நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து சேர்கின்றன. அவை இன்னொரு சுற்றுச் சேதத்தை உண்டாக்குகின்றன. ஆகவே அறுவை முடிந்து தோலைத் தைத்த பிறகும், நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் விழித்த பிறகும், அந்த நிமிடங்களின் விளைவு தொடர்ந்துகொண்டிருக்கும்.

இதை அறிந்தவர்கள் இந்தச் செட்டின் பூட்டை வேறு கண்ணால் பார்ப்பார்கள். நான் பார்த்தவரை, மூடும்போது அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கையால் இறுக்கிவிடலாம். இறுக்கம் தானாகத் தளர்வதில்லை. குழாய் ஒளிபுகுவதாக இருப்பதால் டேப் உள்ளே முறுக்கிக்கொண்டிருந்தால் உடனே தெரிகிறது. சிவப்பு ரப்பரில் அது தெரியாது. இது சிறிய வசதி அல்ல. முறுக்கிய டேப் சிரையை மட்டும் நசுக்கிவிட்டுத் தமனியை விட்டுவிடலாம். சிரையில் அழுத்தம் குறைவு, தமனியில் அதிகம். அரைகுறை இறுக்கத்தில் சிரை முதலில் படுத்துவிடும், தமனி ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு "மூடித்தானே இருக்கிறது, ஏன் இவ்வளவு ரத்தம்?" என்று எல்லோரும் குழம்புவார்கள்.

(ரத்தம் வருவதற்கு வேறு காரணங்களும் உண்டு. சிலருக்கு இடது கல்லீரல் தமனி இந்த மடிப்புக்குள் வராமல், இரைப்பையின் தமனியிலிருந்து கிளைத்துத் தனி வழியில் போகும். டேப் அதைத் தொடவே தொடாது. மேலும், கல்லீரலிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் சிரைகளில் பின்னோக்கி வரும் ரத்தத்தையும் எந்த டூர்னிக்கெட்டும் தடுக்காது. அதற்குத்தான் மயக்க மருத்துவர் சிரைவழி ஏற்றும் திரவங்களைக் குறைத்து, மையச் சிரை அழுத்தத்தை, அதாவது இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரையின் அழுத்தத்தை, 5 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் கீழே வைத்திருக்கப் பாடுபடுகிறார். ரத்தமில்லாத அறுவைக்கான பாராட்டில் பாதி அவருக்குச் சேர வேண்டியது.)

திறக்கும்போதுதான் இந்தப் பூட்டின் குணம் மாறுகிறது. அழுத்தியதும் டேப் முழுவதும் ஒரே கணத்தில் வழுவிவிடுகிறது. பழைய முறையில் ஃபோர்செப்ஸின் பல்லை விடுவித்த பின்பும் குழாய்க்கும் டேப்புக்கும் உராய்வு மிச்சமிருக்கும். மருத்துவர் குழாயை மெல்ல மேலே ஏற்றுவார். இங்கே அந்த இடைவெளி கிடையாது. ரத்தம் திடீரென்று பாயும்போது இரண்டு இடங்களில் வேலை வந்து சேர்கிறது. வெட்டிய தளத்தில் அதுவரை தெரியாத சிறு குழாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கசியத் தொடங்கும். தேங்கியிருந்த அமிலமும் பொட்டாசியமும் இதயத்தை நோக்கிப் போவதால், மயக்க மருத்துவரின் திரையில் ரத்த அழுத்தம் இறங்கும். பெரும்பாலும் சிறிய இறக்கம்தான், சமாளிக்கக்கூடியதுதான். ஆனால் அவர் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். ரத்தமும் திரவமும் பட்ட கையுறையோடு இந்தப் பூட்டை அழுத்தினால் விரல் வழுக்குகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். உலர்ந்த துணித்துண்டு ஒன்றைப் பூட்டின் மேல் வைத்து அழுத்தும்படி நான் கொடுத்துவிடுகிறேன். பொத்தானின் மேற்பரப்பைச் சொரசொரப்பாகச் செய்திருந்தால் இந்தத் துணிக்கு வேலையே இருந்திருக்காது.

செட்டோடு வரும் விளக்கத்தாளில்தான் எனக்கு உண்மையான கோபம். மூடும் முறைக்குப் படங்கள், அம்புக்குறிகள், எச்சரிக்கைகள் எல்லாம் இருக்கின்றன. திறப்பதற்கு ஒரே ஒரு வரி: பொத்தானை அழுத்தித் தளர்த்தவும். எவ்வளவு நேரத்துக்குள் என்ற பேச்சே இல்லை. மூடிய நேரம், திறந்த நேரம் குறித்துவைக்க ஒரு சிறு கட்டமும் இல்லை. ஒரு உறுப்பின் உயிரோட்டத்தை நிறுத்தும் கருவிக்கு நேரத்தாள் இல்லாமல் எப்படி அனுப்புகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

எங்கள் குழுவின் வழக்கம், 15 நிமிடம் மூடினால் 5 நிமிடம் திறப்பது. பல இடங்களில் இதுதான் வழக்கம். 10 நிமிடம், 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளும் குழுக்களும் உண்டு. இது யாரோ தோராயமாகச் சொன்ன கணக்கு அல்ல. ஜப்பானின் மக்குச்சி போன்றவர்கள் 1980-களிலேயே இடைவெளி விட்டு மூடும் முறையை வளர்த்தார்கள். 1999-இல் பிரான்சில் பெல்கித்தி குழுவினர் 86 நோயாளிகளைக் கொண்டு, தொடர்ச்சியாக மூடுவதையும் 15-க்கு 5 என்று இடைவெளி விடுவதையும் ஒப்பிட்டார்கள். இடைவெளி விட்டவர்களுக்கு வெட்டும் நேரத்தில் ரத்த இழப்பு சற்றுக் கூடுதல்தான். ஆனால் கல்லீரல் அதை நன்றாகத் தாங்கியது. ஏற்கெனவே நோயுற்ற கல்லீரல்களில் அந்த வேறுபாடு தெளிவாகவே தெரிந்தது. திறந்த நிமிடங்களில் கொஞ்சம் ரத்தம் போனாலும் பரவாயில்லை, மொத்தத்தில் லாபம் என்பதே அதன் பொருள்.

இந்த 5 நிமிடம்தான் அரங்கில் எல்லோருக்கும் பொறுமை போகும் நேரம். மருத்துவர் வெட்டிய தளத்தில் துணிப்பொதியை வைத்து அழுத்திக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். பயிற்சி மருத்துவர்கள் தவிப்பார்கள். "இன்னும் இரண்டே நிமிடம், இந்தக் கிளையை மட்டும் கட்டிவிடுகிறேன்" என்று மூடிய நேரத்தை நீட்டுவதும், "மூன்று நிமிடம் ஆகிவிட்டதே, மூடிவிடலாமே" என்று திறந்த நேரத்தைக் குறைப்பதும் ஒரே அவசரத்தின் இரண்டு முகங்கள். 12 நிமிடம் ஆனதும் நான் ஒருமுறை சொல்வேன். 14-இல் இன்னொரு முறை. 15-இல் "டாக்டர், நேரம்" என்று குரலை உயர்த்துவேன். எங்கள் மூத்த மருத்துவர் அந்தக் குரல் கேட்டதும் கையை எடுத்துவிடுவார். எந்தக் கிளை பாதியில் நின்றாலும் விரலால் அழுத்திக்கொண்டு காத்திருப்பார். அவரோடு வேலை செய்வதில் எனக்குள்ள பெருமைக்கு இதுதான் முதல் காரணம். மூடுவதற்கும் திறப்பதற்கும் முன்னால் மயக்க மருத்துவருக்கும் உரக்கச் சொல்வோம்; அவர் தன் தாளிலும் அதே நேரத்தைக் குறிப்பார். இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும்.

மிக ஆரோக்கியமான கல்லீரல் ஒரே தொடர்ச்சியாக ஒரு மணி நேரம் வரை ரத்தமின்றித் தாங்கியதாகப் பதிவுகள் உள்ளன. அதை வைத்துக்கொண்டு "பயப்படத் தேவையில்லை" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இன்று மேசைக்கு வரும் கல்லீரல்களில் பல அப்படி ஆரோக்கியமானவை அல்ல. கொழுப்புப் படிந்தவை வருகின்றன. புற்றுநோய்க்கான கீமோதெரபி முடிந்து களைத்தவை வருகின்றன. சிரோசிஸ் வந்து இறுகியவை வருகின்றன. கொழுப்புத் திரண்ட செல்கள் பருத்து, பக்கத்திலுள்ள நுண்ணிய ரத்தப் பாதையை முன்பே நெருக்கிக்கொண்டிருக்கும். அவற்றின் மைட்டோகாண்ட்ரியாவும் பலவீனமானவை. அப்படிப்பட்ட கல்லீரலில் 15 என்பதே அதிகம் என்று 10-இல் திறக்கச் சொல்லும் மருத்துவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதுவும் வெட்டியபின் மிஞ்சப்போகும் பகுதி சிறியது என்றால், ஒவ்வொரு நிமிடத்தையும் அந்தச் சிறிய பகுதிதான் தாங்க வேண்டும்.

நோயாளியின் உறவினர்கள் அடுத்த நாள் காலையில் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து நடுங்கிப்போகிறார்கள். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் பல நூறுகளில் நிற்கும். டேப் போட்ட அறுவைக்குப் பிறகு முதல் ஓரிரு நாளில் இவை ஏறுவது எதிர்பார்த்ததுதான்; காயமடைந்த செல்களிலிருந்து கசிந்த நொதிகள் அவை. பிறகு நாள்தோறும் இறங்க வேண்டும். மருத்துவர்கள் அதைவிடக் கூர்ந்து பார்ப்பது கல்லீரல் வெளியேற்ற வேண்டிய பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியையும் ரத்தம் உறையும் திறனையும். ஐந்தாம் நாளில் பிலிருபின் லிட்டருக்கு 50 மைக்ரோமோலுக்கு மேல், அதாவது டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 3 மில்லிகிராம் அளவைத் தாண்டி நிற்க, அதே நாளில் உறையும் திறனைக் காட்டும் புரோத்ராம்பின் அளவு 50 சதவீதத்துக்குக் கீழேயும் இருந்தால் நிலைமை மிக ஆபத்தானது என்பது 2005-இல் வெளியான "50-50" விதி. நொதிகள் காயத்தைச் சொல்கின்றன. இந்த இரண்டும் மிஞ்சிய கல்லீரல் வேலை செய்கிறதா என்பதைச் சொல்கின்றன. இந்த நேரத்தில் மூடிய நிமிடங்களின் கணக்கு கைவசம் இருந்தால், நொதி ஏன் ஏறியது என்பதற்குப் பாதி விடை அங்கேயே கிடைக்கும். ஆனால் பல இடங்களில் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் "ரத்தவோட்டம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது" என்ற ஒரு வரிக்கு மேல் இருப்பதில்லை. எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. கேளுங்கள். அறுவைக் குறிப்பில் அது இருக்க வேண்டும்.

சில மருத்துவர்கள் வெட்டத் தொடங்கும் முன்னரே 10 நிமிடம் மூடி, 10 நிமிடம் திறந்துவிட்டு, அதன் பிறகு நீண்ட நேரம் மூடுவார்கள். இதன் வேர் இதய ஆய்வில் இருக்கிறது. 1986-இல் மரி என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் நாய்களின் இதயத் தமனியை ஐந்தைந்து நிமிடங்களாக நான்கு முறை அடைத்துத் திறந்துவிட்டு, அதற்குப் பின் 40 நிமிடம் அடைத்தார்கள். முன்பயிற்சி பெறாத இதயங்களோடு ஒப்பிட்டால், சேதம் கால் பங்காகக் குறைந்திருந்தது. சிறிய நெருக்கடி பெரிய நெருக்கடிக்குத் தயார்ப்படுத்துகிறது. சூரிச்சில் கிளேவியன் குழுவினர் இதைக் கல்லீரலுக்குக் கொண்டுவந்து, 2003-இல் 100 நோயாளிகளிடம் சோதித்து, பலன் இருப்பதைக் காட்டினார்கள். இளவயதினருக்கு அது கூடுதல், முதியவர்களுக்குக் குறைவு. இந்த முறைக்கு டேப்பைப் பலமுறை இறுக்கித் தளர்த்த வேண்டும். பூட்டு அதற்கு ஒத்துழைக்கிறது. எத்தனை முறை அழுத்தினாலும் பிடி குறையவில்லை. பழைய ரப்பர் குழாயில் ஃபோர்செப்ஸ் கடித்த இடம் நசுங்கிப்போய், இரண்டாவது மூன்றாவது முறையில் வழுக்கும். இந்த ஒரு விஷயத்தில் புதியதுக்கு முழு மதிப்பெண்.

உறையில் இரண்டாவது டேப் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கல்லீரலின் வலப்பாதியையோ இடப்பாதியையோ மட்டும் தனியாக மூட விரும்பும் மருத்துவருக்கு அது பயன்படும். பாதியை மட்டும் மூடினால் மறுபாதிக்கு ரத்தம் தடையின்றிப் போகும், குடலிலும் தேக்கம் இருக்காது, எந்தக் கோட்டில் வெட்ட வேண்டும் என்பதும் நிற வேறுபாட்டில் தெளிவாகத் தெரியும். ஆனால் இரண்டு டேப்புக்கும் ஒரே வெள்ளை நிறம். ஒன்றில் ஒரு நீலக் கோடு போட்டிருந்தால், நெருக்கடியில் எதை இறுக்கினோம் என்று யாரும் தடுமாற மாட்டார்கள்.

இப்போது பலர் டேப்பைச் சுற்றிவைத்துவிட்டு இறுக்காமலே அறுவையை முடிக்கிறார்கள். மையச் சிரை அழுத்தம் குறைவாக இருந்து, திசுவைப் பிரிக்கும் கருவிகளும் நன்றாக இருந்தால், பல அறுவைகளில் இறுக்கும் தேவையே வருவதில்லை. அவசரத்துக்குக் கைவசம் இருக்கட்டும் என்பதற்காக மட்டும் சுற்றிவைக்கிறார்கள். அப்படி இறுக்காமல் முடிந்த அறுவைகளில் எனக்குக் கணக்கு வைக்க ஒன்றும் இல்லை. அந்த நாட்கள்தான் எனக்குப் பிடித்தமானவை. அதே சமயம், இறுக்கக் கூடாது என்ற பிடிவாதத்தில் ரத்தத்தை இழக்கவிடுவதும் தவறு. அதிக ரத்த இழப்பும், அதற்காக ஏற்றும் ரத்தமும் நோயாளியைத் தம் வழியில் பாதிக்கும். டேப்பும் வேண்டும், அதை இறுக்கும் முன் ஒரு கணம் யோசிக்கும் மருத்துவரும் வேண்டும்.

கல்லீரல் மாற்று அறுவையில் இதே காயம் இன்னும் பெரிதாக வருகிறது. எடுத்த கல்லீரல் மணிக்கணக்கில் பனிக்குளிரில் இருந்து, புதிய உடலில் சூடான ரத்தத்தைச் சந்திக்கிறது. அங்கே இந்தச் சிறு டேப்புக்கு வேலையில்லை. குளிர்ப்பெட்டிக்குப் பதிலாக, உடல் வெப்பத்தில் ரத்தத்தையும் ஆக்சிஜனையும் கல்லீரலுக்குள் ஓட்டிக்கொண்டே இருக்கும் இயந்திரங்கள் வந்திருக்கின்றன. 2018-இல் 'நேச்சர்' இதழில் வந்த, 220 மாற்று அறுவைகளை உள்ளடக்கிய ஐரோப்பியச் சோதனையில், இயந்திரத்தில் வைத்த கல்லீரல்களில் காயத்தின் அளவு பாதியாகக் குறைந்திருந்தது. சீனாவின் குவாங்சோவில் 2017-இல், ரத்தவோட்டத்தை நிறுத்தாமலேயே கல்லீரலை எடுத்துப் பொருத்திக்காட்டினார்கள். அவற்றைப் பற்றி எழுத வேண்டியவர்கள் அந்த இயந்திரங்களோடு வேலை செய்பவர்கள். என் மேசையில் இருப்பது டேப்பும் குழாயும்தான்.

வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்பேன், பட்டை டேப்புக்காகவும் ஒளிபுகும் குழாய்க்காகவும். அட்டையில் எழுதியிருக்கும் "கல்லீரலைக் காக்கும்" என்ற வரியை நம்பி அல்ல. பெரிய எண்களில் தெரியும், இரண்டு நேரங்களைத் தனித்தனியாக ஓட்டக்கூடிய ஒரு டிஜிட்டல் டைமரையும் கூடவே வாங்கிச் சுவரில் மாட்டிவிடுங்கள். ஒன்று இந்தச் சுற்றின் நிமிடங்களுக்கு, மற்றொன்று மொத்த நிமிடங்களுக்கு. பிரித்த உறையில் உள்ள டேப், குழாய், பூட்டு, கொக்கி எல்லாவற்றையும் உங்கள் எண்ணிக்கைப் பட்டியலில் தனித்தனியாகச் சேருங்கள். பூட்டு குழாயிலிருந்து தனியே கழன்றுவரக்கூடியது என்பதால் "செட் 1" என்று எழுதிவிடக் கூடாது.

சிறு துளைகள் வழியே செய்யும் லேப்பராஸ்கோப்பி அறுவைக்கு வாங்குபவர்கள் ஆர்டர் கொடுக்கும் முன் குழாயின் நீளத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே குழாய் வயிற்றுச் சுவரின் ஒரு சிறு துளை வழியே வெளியே வந்து, பூட்டு வெளியில் இருக்க வேண்டும். சாதாரண வகையின் குழாய் ஒல்லியானவர்களுக்குப் போதும். வயிற்றுச் சுவர் தடித்தவர்களுக்கு எட்டாது, பூட்டு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். நீளமான வகை தனியாகக் கிடைக்கிறது, ஆனால் இரண்டு உறைகளும் வெளியே ஒரே மாதிரி இருப்பதால் அலமாரியில் வெவ்வேறு தட்டுகளில் வைக்கிறோம். சொரசொரப்பான பொத்தான், டேப்பில் நிறக்கோடு, உறைக்குள் ஒட்டக்கூடிய நேரத்தாள் ஆகிய மூன்றையும் கேட்டுத் தயாரிப்பாளருக்குக் குழுவின் சார்பில் எழுதியிருக்கிறோம். பதில் வந்தால் இதே இடத்தில் சேர்க்கிறேன்.